சொட்டும் இல்லை, புகையும் இல்லை: கூலன்ட் எங்கே போகிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2009 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இஞ்சினின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் திரவத்தின் பாட்டிலில் மேல்கோட்டில் இருந்த மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விடுகிறது. ஏறக்குறைய 400 மில்லி ஊற்றி நிரப்புகிறீர்கள். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டியதே இல்லை. முதல் மெக்கானிக், கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பை மாற்றினார், குறைவது நிற்கவில்லை. இரண்டாமவர், சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார். கோயம்புத்தூர் போய்வந்த மாதத்தில் அதிகமாகவும், சென்னைக்குள்ளேயே ஓடிய மாதத்தில் கொஞ்சமாகவும் குறைந்தது என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள். கேஸ்கெட் போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளில் ஒன்றுகூட உங்கள் வண்டியில் நடக்கவில்லை. இரண்டு மெக்கானிக்குகளும் "எங்கே ஒழுகுகிறது" என்ற கேள்வியிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கில் அந்தக் கேள்வி ஊகத்தில்தான் போய் முடியும். முதலில் கேட்க வேண்டியது "எப்போது குறைகிறது" என்பதுதான். ஓடும்போதா, நிறுத்தி ஆறும்போதா, இரவு முழுக்கக் குளிர்ந்து நிற்கும்போதா? இதற்கு விடை கிடைத்தால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

முதலில் 400 மில்லி என்பது எவ்வளவு என்று பார்ப்போம். 21 நாளில் 400 மில்லி என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 19 மில்லி. ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 380 சொட்டு. தினம் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் நிமிடத்துக்கு ஆறு சொட்டு. ஓடும்போது மட்டும், அதுவும் சூடான இஞ்சினின்மேல் விழும் இந்த ஆறு சொட்டும் தரைக்கு வந்து சேரும் என்று எதிர்பார்க்கவே முடியாது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் அங்கேயே ஆவியாகும். பிளாக்கில் வழிந்தால் வழியிலேயே காய்ந்துவிடும். அடியில் பிளாஸ்டிக் தட்டு இருந்தால் அதில் தேங்கி, காற்றில் போய்விடும். ஆகவே தரையில் சொட்டு இல்லை என்பதை வைத்து ஒழுக்கு உள்ளே இருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு. வண்டி நிற்கும்போது ஒழுகவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

அடுத்து, மட்டத்தை எப்போது பார்க்கிறீர்கள்? உங்கள் அளவுள்ள இஞ்சினில் கூலன்ட் நாலைந்து லிட்டர் இருக்கும். காலைக் குளிரிலிருந்து ஓட்டச் சூட்டுக்கு வரும்போது அது நாலைந்து சதவீதம் விரியும். அதாவது 200 மில்லி வரை பாட்டிலுக்கு வந்துவிடும். மாலையில் ஆபீஸிலிருந்து வந்தவுடன் பார்த்துவிட்டு, அடுத்த முறை காலையில் பார்த்தால் குறையாத கூலன்ட்டும் குறைந்ததாகவே தோன்றும். காலையில், இரவெல்லாம் ஆறிய இஞ்சினில், சமதரையில், ஒரே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பாட்டிலின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி மட்டத்தைக் கோடு போட்டு, பக்கத்திலேயே தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். ஊற்றும்போது கண்ணளவில் ஊற்றாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். இரண்டு வாரக் கணக்கு கையில் இருந்தால் எந்த மெக்கானிக்கிடமும் நிமிர்ந்து பேசலாம்.

பாட்டிலை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் வண்டியில் ரேடியேட்டரின்மேல் தனி மூடி இருக்கிறது என்றால் பாட்டில் வெறும் சேமிப்புக் கலம்தான். அதில் அழுத்தம் இல்லை. காலையில் இஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது தொடவே கூடாது. உள்ளே 100 டிகிரியைத் தாண்டிய நீர் அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடி திறந்த கணத்தில் அது முகத்துக்குத்தான் வரும்.

திறந்தால் மூன்றில் ஒன்றைப் பார்ப்பீர்கள். ரேடியேட்டர் விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது, பாட்டில் மட்டும் குறைந்திருக்கிறது என்றால், எங்கோ வெளியேறும் அளவை ஆறும்போது பாட்டிலிலிருந்து ரேடியேட்டர் ஒழுங்காக உறிஞ்சிக்கொள்கிறது. மூடியின் உறிஞ்சு வால்வு நன்றாக இருக்கிறது. அல்லது பாட்டிலிலேயே விரிசல். ரேடியேட்டர் குறைந்திருக்கிறது, பாட்டில் அப்படியே இருக்கிறது என்றால் மூடியோ, மூடியிலிருந்து பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயோ கோளாறு. உறிஞ்ச வேண்டிய நேரத்தில் காற்றை உறிஞ்சுகிறது. ரேடியேட்டர் குறைந்து, பாட்டில் மேல்கோட்டைத் தாண்டி வழிகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும். ஏதோ ஒரு வாயு உள்ளே புகுந்து கூலன்ட்டை வெளியே தள்ளுகிறது. அந்த வாயு பெரும்பாலும் சிலிண்டரிலிருந்து வருவதுதான்.

உங்கள் பாட்டில் ஒருமுறையும் வழிந்ததாக நீங்கள் எழுதவில்லை. சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழையும் வகைக் கேஸ்கெட் பழுது என்றால் பாட்டிலில் மட்டம் ஏறும், குமிழி வரும், ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லைப் போல இறுகும். இவற்றில் ஒன்றும் இல்லாமல் கேஸ்கெட் என்று சொல்வதற்கு அந்த மெக்கானிக்கிடம் வேறு ஆதாரம் இருந்திருக்க வேண்டும். இருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முழு அமைப்பிலும் விலை குறைந்த பொருளும் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் பொருளும் அதுதான். பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலைதான் அதற்கும். மூடியின்மேல் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும்; அது பார் கணக்கில் அழுத்தம். பழைய மூடிகளில் 13 பி.எஸ்.ஐ. என்று இருக்கும், 0.9 பாரும் அதுவும் ஒன்றே. வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும், 0.9 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 119 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் பத்து டிகிரி வரை தாங்கும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து பாதி அழுத்தத்திலேயே விட்டுக்கொடுத்தால், நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து இஞ்சினை அணைத்த பிறகு கூலன்ட் ஆங்காங்கே கொதித்து ஆவியாகப் பாட்டிலுக்கு வரும். பாட்டிலின் மூச்சுத் துளை வழியே அது சத்தமில்லாமல் போய்விடும். சொட்டு இருக்காது, கறை இருக்காது. முள்ளும் அசையாது.

மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ள ரப்பர் வளையத்தில் ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பு பதிந்து வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் சீராக, மேலோட்டமாக இருந்தால் பரவாயில்லை. நகத்தால் அழுத்தினால் ரப்பர் மீண்டு வராமல் கெட்டியாக இருந்தாலோ, ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ தூக்கி எறியுங்கள். நடுவில் காசு அளவில் ஒரு சின்னத் தகடு தொங்கும். அதுதான் உறிஞ்சு வால்வு. விரல் நுனியால் இழுத்தால் திறந்து, விட்டால் மூட வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருந்தால் காலையில் மேல் ஹோஸ் வயிறு ஒட்டிப்போய் சப்பையாக இருக்கும். மூடி வாங்கும்போது பழையதில் எழுதியிருக்கும் அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் நல்லதுதானே என்று கடைக்காரர் சொல்வார். பதினைந்து வருடப் பழைய பிளாஸ்டிக் டேங்குக்கு அந்தக் கூடுதல் அழுத்தம் நல்லதல்ல.

சில கார்களில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. பாட்டிலின் மூடிதான் அழுத்த மூடி. உங்களுடையது அந்த வகை என்றால் மேலே சொன்ன மூன்று நிலைக் கணக்கு பொருந்தாது. பாட்டிலே அழுத்தத்தைத் தாங்குவதால், அதன் இரு பாதிகள் ஒட்டும் விளிம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இஞ்சின் சூடாக இருக்கும்போது மட்டும் திறக்கும் மயிரிழை விரிசல் அங்கே மிகச் சாதாரணம்.

மூடி சரியாக இருந்தால் அடுத்து வெளி ஒழுக்கு. இங்கே ஈரத்தைத் தேடாதீர்கள், காய்ந்த படிவைத் தேடுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போனாலும் கூலன்ட்டில் உள்ள சாயமும் துருத் தடுப்பு உப்புகளும் போகாது. ஹோஸ் முனையில், கிளிப்பின் ஓரத்தில், பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ உப்புப் பூத்ததுபோல் ஒரு பொருக்கு நிற்கும். பகல் வெளிச்சத்தைவிட இரவில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். ரேடியேட்டரின் அலுமினியக் கட்டத்தோடு மேலும் கீழும் உள்ள பிளாஸ்டிக் டேங்குகளைப் பற்கள்போல் மடித்துப் பிடித்திருக்கும் விளிம்பு முக்கியமான இடம். மேல் ஹோஸ் சேரும் பிளாஸ்டிக் கழுத்தும் அப்படியே. இஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வுதான் தெர்மோஸ்டாட்; அதன் கூட்டின் அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் பொடி ஒட்டினால் அது அந்தக் கூட்டின் கேஸ்கெட் காகிதத்தின் வழியாக வந்த கூலன்ட்.

வாட்டர் பம்பை மாற்றிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அதனால் பம்பைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டாம். பம்பின் அடியில், சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சின்னத் துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். சீல் கசிந்தால் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வரட்டும் என்பதற்காக அது. அதில் லேசான கறை இருப்பது குற்றமில்லை. கோடு போட்டு வழிந்திருந்தால் குற்றம். புதுப் பம்பு நல்லதாக இருந்தாலும், பிளாக்கின் முகத்தில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே பசையைத் தடவிப் பூட்டியிருந்தால் அந்த இணைப்பு கசியும். டைமிங் பெல்ட் மூடிக்குப் பின்னால் பம்பு ஒளிந்திருக்கும் இஞ்சின்களில் இந்தக் கசிவு வெளியே தெரியவே தெரியாது. மூடியின் அடி முனையில் ஒரு கறை தெரிந்தால் உண்டு. அங்கே கசிந்தால் பெல்ட்டும் நனையும், அது கூலன்ட்டைவிடப் பெரிய செலவு.

பலரும் பார்க்காமல் விடும் இடம் பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகட்டு மூடிகள். பட்டறைகளில் வெல்ச் பிளக் என்பார்கள். வார்ப்பின்போது ஏற்பட்ட துளைகளை அடைக்கும் மெல்லிய இரும்புத் தகடு அது. கூலன்ட் என்ற பேச்சே இல்லாமல் போர்வெல் தண்ணீரையே பத்து வருடம் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது உள்ளிருந்து துருப்பிடித்துக் குண்டூசித் துளை விழும். சில பிளக்குகள் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழேயும், கியர்பாக்ஸ் சேரும் பக்கத்திலும் இருப்பதால் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்பது உங்களுக்குத் தெரியாது என்றால், ரேடியேட்டர் கழுத்தில் விரலை விட்டுப் பாருங்கள். செங்காவி நிறத்தில் சேறு வந்தால் கதை புரிந்துவிடும்.

அடுத்து ஹீட்டர். சென்னையில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். பல கார்களில் நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் சூடான கூலன்ட் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயிலில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சூட்டை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை ஒரு கதவுதான் தீர்மானிக்கிறது. அந்தக் காயில் கசிந்தால் ஏ.சி. வாசலில் ஒரு தித்திப்பான வாடை வரும், முன் கண்ணாடியின் உட்புறத்தில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் படியும், இடது முன் இருக்கையின் கால்விரிப்புக்கு அடியில் ஈரம் இருக்கும். ஏ.சி. தண்ணீர் வடியும் குழாய் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் கூலன்ட், வழுக்காவிட்டால் ஏ.சி. தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். தரையில் சிந்தினாலும் உடனே கழுவிவிடுங்கள், தெருநாயும் பூனையும் தித்திப்புக்கு ஆசைப்பட்டு நக்கிவிடும்.

இத்தனையும் கண்ணால் பார்ப்பது. கண்ணுக்குப் படாவிட்டால் பிரஷர் டெஸ்டர் வைக்க வேண்டும். கையால் அடிக்கும் ஒரு பம்பு, ஒரு முள், ரேடியேட்டர் கழுத்தில் பொருந்தும் ஒரு மூடி, அவ்வளவுதான். ஆறிய இஞ்சினில், ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பிவிட்டு, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். அதற்குமேல் ஏற்றக் கூடாது. கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் பெரிய ஒழுக்கு இல்லை. மெல்ல இறங்கினால், இறங்க இறங்கக் காதும் கண்ணும் வேலை செய்ய வேண்டும். ஓடும் இஞ்சினில் சூடும் விசிறிக் காற்றும் சேர்ந்து மறைத்த கசிவு, ஆறிய நிலையில் முத்து முத்தாகத் துளிர்த்து நிற்பதை இப்போது பார்க்கலாம். ஆறிய நிலையில் பிடிபடாவிட்டால் இஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, மூடியைப் பாதுகாப்பாகத் திறக்கும் அளவுக்கு மட்டும் ஆறவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மீண்டும் ஏற்றிப் பார்க்கலாம். உலோகம் விரிந்தால் அடையும் கசிவும் உண்டு, விரிந்தால் திறக்கும் கசிவும் உண்டு. தெளிவான பட்டறை என்றால் இந்தக் கருவி இருக்கும். இல்லாத பட்டறையில் கேஸ்கெட் பற்றிய தீர்ப்பை நான் ஏற்க மாட்டேன்.

புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கூலன்ட்டில் கலந்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு, இரவில் விளக்கடித்துப் பார்ப்பது இன்னொரு வழி. ஓடும்போது மட்டும் நேரும் கசிவுக்கு இதுதான் சிறந்தது. உங்கள் நிலையில் டெஸ்டர் எதையும் காட்டாவிட்டால் அடுத்து இதைச் செய்யச் சொல்வேன்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் துளிர்க்கவில்லை என்றால்தான் உள் ஒழுக்கைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு வழிகள்: எண்ணெய்க்குள், அல்லது சிலிண்டருக்குள்.

எண்ணெய்க்குள் போகிறதா என்பதைக் கணக்கே சொல்லிவிடும். மூன்று வாரத்தில் 400 மில்லி, மூன்று நாலு லிட்டர் ஆயிலுக்குள் போனால் ஆயில் கம்பியில் மட்டம் ஏறியிருக்கும், நிறமும் பால் கலந்த காப்பி மாதிரி ஆகியிருக்கும். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மையான குழம்பு இருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் மட்டும் ஓடும் வண்டியில் இஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுவதால், காற்றின் ஈரமே அங்கே படிந்து அப்படி ஆகும். கம்பியில் ஆயில் சுத்தமாக இருந்து மூடியில் மட்டும் குழம்பு இருந்தால் ஹெட்டைத் தொட வேண்டிய காரணம் இல்லை.

சிலிண்டருக்குள் போகிறதா என்பது கொஞ்சம் நுட்பம். "சைலன்சரில் வெள்ளைப் புகை வரவில்லை, அதனால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது" என்று சொல்வதும் தவறு, "காலையில் சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறது, அதனால் கேஸ்கெட் போய்விட்டது" என்று சொல்வதும் தவறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும்; அது வேதியியல். தினம் இரண்டு லிட்டர் பெட்ரோல் எரிக்கும் வண்டி சைலன்சர் வழியாக இரண்டு லிட்டர் தண்ணீரை ஆவியாகவும் துளியாகவும் விட்டுக்கொண்டிருக்கிறது. அதில் உங்கள் 19 மில்லி சேர்ந்தால் கண் எப்படிக் கண்டுபிடிக்கும்?

அதனால்தான் "எப்போது" என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். சிலிண்டருக்குள் கசியும் கூலன்ட், இஞ்சினை அணைத்த பிறகும் அழுத்தம் இருக்கும்வரை உள்ளே வடிந்துகொண்டிருக்கும். மொத்தமும் காலை முதல் ஸ்டார்ட்டில் வெளியே வரும். ஆகவே பார்க்க வேண்டியது அந்த முதல் நிமிடத்தை மட்டும்தான். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் நில்லுங்கள். சில விநாடிகள் ஒரு சிலிண்டர் எரியாமல் இஞ்சின் நொண்டுகிறதா, தித்திப்பு வாடையோடு அடர்த்தியான வெண்புகை வந்து பிறகு தெளிகிறதா? இரவெல்லாம் நின்ற பிறகு இப்படி ஆகி, மதியம் ஒரு மணி நேரம் நின்ற பிறகு ஆகவில்லை என்றால் அது வலுவான சாட்சி.

அதற்குமேல் சாட்சி வேண்டுமென்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். 1,30,000 கிலோமீட்டர் ஓடிய இஞ்சினில் பிளக் முனை பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ கொஞ்சம் கரி படிந்தோ இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தால், அந்தச் சிலிண்டரில் நீராவி வேலை செய்திருக்கிறது. அந்தத் துளைக்குள் மெல்லிய கேமரா விட்டுப் பார்த்தால் பிஸ்டனின் தலையும் மற்றவற்றைவிடச் சுத்தமாக இருக்கும். டெஸ்டரில் அழுத்தத்தை ஏற்றி இரவு முழுக்க விட்டு, காலையில் பிளக்குகளைக் கழற்றிய நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் அந்தத் துளையிலிருந்து கூலன்ட் பீய்ச்சும். இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்துவிட்டு, முகத்தை ஒதுக்கிவைத்துச் செய்ய வேண்டிய சோதனை இது, மெக்கானிக்கே செய்யட்டும். பிளக்கைக் கழற்றாமல் சுற்றினால் சிலிண்டரில் தேங்கிய நீர் நசுங்க மறுத்து கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

எதிர்த்திசையில், அதாவது எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறதா என்று பார்க்க ஒரு நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சினால், அதில் கரியமில வாயு இருக்கும்போது பெட்ரோல் இஞ்சினில் நீலம் மஞ்சளாக மாறும். மாறினால் சந்தேகம் இல்லை. மாறாவிட்டால் கேஸ்கெட் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. கூலன்ட் உள்ளே வடிகிறதே தவிர வாயு வெளியே வராத கசிவும் உண்டு.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பட்டியலில், எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை ஆறவைத்து இஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். கூலர் ஒன்று கூடுதல். அது உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் புகையோடு போய்விடும். ஹெட்டும் கேஸ்கெட்டும் குற்றமற்றவையாக இருக்கும். ஆயில் கூலர் போனால் ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம் என்பதால் முதலில் பாட்டிலில்தான் கறுப்பு ஆயில் மிதக்கும். இரண்டையும் பார்க்காமல் டீசல் ஹெட்டை இறக்கிவிட்டு, மறுபடி பூட்டிய பிறகும் அதே அளவு குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் வண்டிக்கு வருகிறேன். நெடுஞ்சாலை மாதத்தில் அதிகம் குறைந்தது என்ற உங்கள் கவனிப்பு நல்லது, ஆனால் அது இரண்டு பக்கமும் பேசும் சாட்சி. நீண்ட நேரம் முழு அழுத்தத்தில் ஓடினால் ரேடியேட்டர் விளிம்பும் கசியும், தளர்ந்த மூடியும் விடும், கேஸ்கெட்டும் விடும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு, ஓடிய மணி நேரத்துக்கு எவ்வளவு, எத்தனை முறை சூடாகி ஆறியது என்று பிரித்தால்தான் பேசும். கோயம்புத்தூர் போய்வர ஆயிரம் கிலோமீட்டர். ஆனால் சூடாகி ஆறிய தடவைகள் மிகக் குறைவு. ஊருக்குள் தினம் இரண்டு முறை சூடாகி ஆறும். குறைவது ஓடிய நேரத்தோடு சேர்ந்து ஏறுகிறது, ஆறிய தடவைகளோடு ஏறவில்லை என்றால், இரவில் சிலிண்டருக்குள் வடியும் கேஸ்கெட்டைவிட, அழுத்தத்தில் மட்டும் திறக்கும் வெளி ஒழுக்குக்கே என் வாக்கு. காலையில் நொண்டுவதாகவும் நீங்கள் சொல்லவில்லை. ஆகவே என் வரிசை: முதலில் புது மூடி, பிறகு ரேடியேட்டர் பிளாஸ்டிக் விளிம்பு, பிறகு மாற்றிய பம்பின் இணைப்பு, பிறகு ஹீட்டர் காயில். நான்கும் கைவிட்ட பிறகுதான் கேஸ்கெட்.

மெக்கானிக்கிடம் இன்னொன்றும் கேளுங்கள்: தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருக்கிறதா? நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டர் விசிறியையும் சாவி போட்டவுடன் ஓடும்படி நேராக இணைத்துவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் இஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது, அழுத்தம் ஏறாது, ஒழுக்கு குறைந்ததுபோல் இருக்கும். நோய் போகவில்லை, காய்ச்சல் மட்டும் மறைந்தது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் சுவர் தேய்மானமும் கூடும். இப்படி மாற்றப்பட்ட வண்டியில் வெப்பமானி முள் ஏறாததைச் சாட்சியாகவே எடுக்க முடியாது. முள்ளைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை: கூலன்ட் மிகவும் குறைந்து சென்சார் காற்றில் தொங்கினால் முள் மேலே போகாது, சில நேரம் கீழே இறங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று வழக்கத்தைவிடக் கீழே வந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள்.

ஒழுக்கடைக்கும் பொடியோ திரவமோ ஊற்றலாமா என்று கேட்பீர்கள். லாரிக்காரர்கள் மஞ்சள் தூளை ரேடியேட்டரில் போட்டு அடுத்த ஊர் வரை போன காலம் உண்டு. நடுவழியில் வேறு வழியில்லாதபோது அது சாமர்த்தியம். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு அதைச் செய்வது சோம்பல். கசியும் மயிரிழையை அடைக்கும் எந்தப் பொருளும் ஹீட்டர் காயிலின் மெல்லிய குழாய்களையும் மூடியின் வால்வையும் அடைக்கத் தயங்காது. அதன் பிறகு சோதனை செய்தால் எந்தக் கருவியும் உண்மை சொல்லாது.

கண்டுபிடிக்கும் வரை என்ன ஊற்றுவது? தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் கூலன்ட் நீர்த்து, துருத் தடுப்பும் கொதிநிலையும் குறைந்துகொண்டே வரும். ஏற்கெனவே இருக்கும் அதே வகைக் கலவையை ஊற்றுங்கள். டப்பாவின் நிறத்தைப் பார்க்காமல் மேனுவலில் உள்ள வகையைப் பாருங்கள், ஏனென்றால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கலக்க வேண்டியிருந்தால் பாட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரில் கலக்குங்கள், போர்வெல் நீரில் வேண்டாம்.

கடைசியில் கேஸ்கெட்தான் என்று சாட்சியோடு நிரூபணமானால், ஹெட்டை இறக்கியவுடன் லேத் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன் நேர்க்கோல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல இஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால்தான் ஃபேசிங், அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்குவது, தேவை. வளையாத ஹெட்டையும் வழக்கத்துக்காகச் சீவிவிடுவார்கள். சீவ இடம் எல்லையற்றதல்ல. பிளாக்கின் முகத்தையும் அதே கோலால் பார்க்கச் சொல்லுங்கள், அதைப் பார்க்க மறப்பவர்கள்தான் அதிகம். ஹெட் போல்டுகளை மறுபடி பயன்படுத்தலாமா என்பதற்கு மேனுவலில் விடை இருக்கும்; புதிது போடச் சொல்லியிருந்தால் பழையதைப் போட விடாதீர்கள்.

எதை மாற்றினாலும், நிரப்பிய பிறகு முதல் சில ஓட்டங்களில் மட்டம் கொஞ்சம் இறங்கும். உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறுவதால் வருவது அது. ஒழுக்கு என்று எண்ணி மீண்டும் பட்டறைக்கு ஓட வேண்டாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று விடும் திருகு இருந்தால் திறந்து, நிதானமாக நிரப்பினால் அது விரைவில் நிற்கும். அதற்குப் பிறகும் இறங்கினால் டேப்பில் எழுதிய தேதி, கிலோமீட்டர், மில்லி மூன்றையும் அனுப்புங்கள். பிளக்குகளின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை வைத்து மேலே பேசலாம்.